குடவோலை முதல் பாப்பாபட்டி வரை

உள்ளாட்சி என்று பேச்சை எடுத்தால் போதும், மேடையில் இருப்பவர் யாராக இருந்தாலும் நேராக உத்திரமேரூருக்குப் போய்விடுவார். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறை, முப்பது குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம்... எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே மனப்பாடம் ஆனவைதான். "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் நடத்திய இனம்" என்று முடித்தால் கைதட்டலும் நிச்சயம்.

ஆனால் அந்தக் கல்வெட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் சில விஷயங்கள் கண்ணில் படும். குடவோலை என்பது வாக்கெடுப்பே அல்ல, குலுக்கல்! தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தகுதி என்ன? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அது ஒரு பிரமதேய ஊர். பெண்களுக்கு இடமில்லை, நிலம் இல்லாதவனுக்கு இடமில்லை, உழுதவனுக்கும் இடமில்லை. பாண்டிய நாட்டில் இதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மானூர்க் கல்வெட்டு திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறது. அதிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். சபையில் பேச நிலத்தில் பங்கு வேண்டும், படிப்பு வேண்டும்.

அதே கல்வெட்டில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் வர முடியாது! கைதட்டல் கொடுப்பதாக இருந்தால் இந்த விதிக்குக் கொடுக்கலாம்.

இனி மதுரைக்கு வருவோம்.

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி கண்மாய்களின் பூமி. வைகையில் தண்ணீர் வருவது சில மாதம்தான். மீதி நாட்களுக்குக் கண்மாய்தான் கதி. கரை உடையாமல் பார்ப்பது, வரத்துக்கால்வாயைத் தூர் வாருவது, மடை திறப்பது எல்லாவற்றையும் ஊரே கூடிச் செய்தது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மேலூர், உசிலம்பட்டிப் பகுதிகளில் பல கிராமங்கள் சேர்ந்து 'நாடு' என்ற அமைப்பாக இயங்கின. அம்பலம் கூடித் தீர்ப்புச் சொன்னது. இதையும் உள்ளாட்சி என்றுதான் சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் ஒரு பைசா இல்லாமல் ஊர்கள் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டன. ஆனால் வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சி பெரும்பாலும் தலித் குடும்பத்தைச் சேர்ந்தவர். எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு முழுவதும் அவருடைய கையில் இருந்தது. அம்பலத்தில் உட்கார மட்டும் அவருக்கு இடமில்லை. இந்த ஒரு முரண்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்த எல்லாமே புரியும்.

மதுரை நகரத்தின் கதை வேறு. கோட்டைக்குள் அடைந்து கிடந்த நகரம் அது. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். அதற்குப் பணம் வேண்டுமே? சுவரின் ஒரு பகுதியை இடித்து அகழியை நிரப்பிக் கொடுப்பவர்களுக்கு அந்த இடத்தையே கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார். ஜனங்கள் கடப்பாரையோடு வந்தார்கள்! அப்படி உருவானவைதான் வெளிவீதிகள். வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குத்தூண் கடைத்தெரு நெரிசலில் நிற்கிறது. புடவை எடுக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் அதை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. அரசின் செலவைப் பெரிதாக இழுக்காமல், நிலத்தின் மதிப்பை வைத்தே நகரத்தை விரித்த இந்த வேலையை இன்றைய நகர நிதிப் பாடங்களில் தாராளமாகச் சேர்க்கலாம்.

1865-ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி 1866-இல் மதுரை நகராட்சி ஆனது. 1882-இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். உள்ளூர் நிர்வாகம் மக்களுக்கு அரசியல் கல்வி தரும் பள்ளிக்கூடம் என்பது அவருடைய எண்ணம். 1884-இல் சென்னை மாகாணத்துக்கு உள்ளாட்சி வாரியச் சட்டமும் வந்தது. ஆனால் ஓட்டுரிமை வரி கட்டுகிறவர்களுக்குத்தான் இருந்தது. ரிப்பனின் பள்ளிக்கூடத்தில் சேர முன்பணம் கட்ட வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கிராமத்தில் ஆங்கிலேயர் வேறு முகத்தைக் காட்டினார்கள். உசிலம்பட்டிப் பகுதியின் பிரமலைக் கள்ளர்கள் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. கைரேகை கொடுக்க மறுத்துக் கூடிய பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரில் பள்ளிகள் வந்தன. கூடவே ஊருக்கு ஊர் கள்ளர் பஞ்சாயத்துகளும் அமைக்கப்பட்டன. அவற்றின் முதல் வேலை சாலை போடுவதோ கிணறு வெட்டுவதோ அல்ல, தங்கள் ஊர்க்காரர்களைத் தாங்களே கண்காணிப்பது! அரசாங்கப் பஞ்சாயத்து என்ற சொல் அந்த மண்ணுக்குள் போலீஸ் பதிவேட்டோடு சேர்ந்துதான் நுழைந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து இதே வட்டாரத்தின் பெயர் வேறொரு காரணத்துக்காக நாடெங்கும் அடிபட்டது என்பது வரலாற்றின் விசித்திரம்.

சுதந்திரம் வந்தபோது கிராமப் பஞ்சாயத்து பற்றி இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். காந்தியடிகள் கிராம சுயராஜ்யம் என்றார். அவர் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியதே மதுரை மேலமாசி வீதியில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று. ஏழை விவசாயியைப் போலத் தானும் இருக்க வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம். அம்பேத்கரோ அரசியல் நிர்ணய சபையில் கிராமம் என்பது குறுகிய புத்தியும் சாதியும் ஊறிய இடம் என்று கடுமையாகச் சொன்னார். தனிமனிதனைத்தான் அரசியல் சட்டத்தின் அலகாக வைக்க வேண்டும், கிராமத்தை அல்ல என்பது அவருடைய வாதம். கடைசியில் பஞ்சாயத்து என்பது 40-ஆவது பிரிவில், அரசு நெறிமுறைக் கோட்பாடுகளில் ஒன்றாக ஒதுங்கியது. செய்தால் நல்லது, செய்யாவிட்டால் யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது! யார் சொன்னது சரி என்ற கேள்விக்கு மதுரைச் சீமை ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பதில் சொன்னது. இருவருமே சரி என்பதுதான் அந்தப் பதில்.

இடையில் ஒரு நல்ல காலமும் இருந்தது. 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சி சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1960, 61-இல் பஞ்சாயத்து யூனியன்கள் உருவாயின. ஆரம்பப் பள்ளிகள், மதிய உணவு, கிராமச் சாலைகள், குடிநீர்க் கிணறுகள் எல்லாம் யூனியன் வசம் வந்தன. இதில் பணம் பற்றிய ஏற்பாடுதான் மிக முக்கியம். நில வரியோடு சேர்த்து வசூலான செஸ் உள்ளூருக்கே வந்தது. ஊராட்சி வசூலித்த வீட்டு வரிக்கு ஈடாக அரசும் மானியம் கொடுத்தது. அதாவது, ஊர் எவ்வளவு முயற்சி எடுக்கிறதோ அவ்வளவு பரிசு. வணிகவியல் படிக்கிறவர்கள் இதைப் பார்த்தால் உடனே ஊக்கத்தொகைத் திட்டம் என்பார்கள். தமிழ்நாட்டில் ஆரம்பப் பள்ளி எட்டாத கிராமம் அபூர்வம் என்ற நிலை வந்ததில் யூனியன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. "யூனியன் ஸ்கூல்" என்ற சொல் இன்னமும் பழைய ஆட்களின் வாயில் வருகிறது.

பிறகு என்ன ஆனது? யூனியன் சேர்மன் பதவி எம்.எல்.ஏ. பதவிக்குப் போட்டியாக வளர்ந்தது. சேர்மன் என்றால் ஜீப் உண்டு, அதிகாரம் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? 1970-க்குப் பிறகு அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல் 1986-இல்தான் நடந்தது. 1981-இல் யூனியன் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அவர்களுக்கு அது நல்லதுதான், யூனியனுக்கோ கை ஒன்று போனது போல. 1986-இல் வந்தவர்களின் காலம் 1991-இல் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள், மறுபடியும் ஐந்து ஆண்டு இடைவெளி. நகரங்களுக்கும் இதே நிலைதான். 1971 மே முதல் நாளில் மாநகராட்சியாக உயர்ந்த மதுரை, அந்தப் பெருமையோடு நெடுங்காலம் மேயர் இல்லாமலே இருந்தது.

இந்த ஒத்திப்போடும் வேலையை நிறுத்தத்தான் 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்டாயத் தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதிக்குழு, கிராம சபை என்று எல்லாம் சட்டமாயின. தலைவர் பதவிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு மக்கள்தொகைப்படி ஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. (தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு 2016-இல் பாதியாக உயர்ந்தது.) 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 அக்டோபரில் தேர்தல்.

இங்கேதான் ஆயிரம் ஆண்டுக் கணக்கு நேருக்கு நேர் வந்து நின்றது.

ஒரு கிராம ஊராட்சித் தலைவரிடம் அப்படி என்னதான் இருக்கிறது? அவருக்கு எம்.எல்.ஏ. போலச் சம்பளம் கிடையாது. ஆனால் ஊராட்சியின் கணக்கு நோட்டைத் திறந்து வரவுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். வீட்டு வரி, தொழில் வரி, குழாய் வரி. கண்மாய் மீன்பாசி ஏலம். புளியமர மகசூல் ஏலம். கிராவல், கல் எடுத்தால் அதில் ஒரு பங்கு. பத்திரப் பதிவில் ஒரு பங்கு. பிறகு அரசு மானியம். செலவுப் பக்கத்தில் தெருவிளக்கு, மோட்டார் ஆபரேட்டர் சம்பளம், மேல்நிலைத் தொட்டி, சிமெண்டு ரோடு. எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு? ஏலத்தை யார் கூப்பிடுவது? யார் பேருக்கு முடிப்பது? காலங்காலமாக ஒரு சிலரின் வாய் வார்த்தையில் முடிந்துகொண்டிருந்த இந்த விஷயங்கள் எல்லாம் சட்டப்படி ஒரு தலைவரின் கையெழுத்துக்குப் போகின்றன. அந்தக் கை சேரியிலிருந்து வரும் கையாக இருந்தால்?

மேலூர் அருகே உள்ள மேலவளவு ஊராட்சி 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து வாபஸ் வாங்கினார்கள். வீடுகள் எரிக்கப்பட்டன. டிசம்பர் 28 அன்று நடந்த வாக்குப்பதிவில் வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. டிசம்பர் 31 அன்று மறு வாக்குப்பதிவு, பலத்த போலீஸ் காவலோடு. முருகேசன் தலைவரானார். ஆனாலும் அவரால் அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். மேலவளவை நெருங்கும்போது பஸ்ஸை மறித்தார்கள். முருகேசன், துணைத் தலைவர் மூக்கன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்து எடுத்துப் போய்க் கிணற்றில் போட்டார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் கேட்கப் போனது புரட்சி அல்ல. எரிந்த வீட்டுக்கு நஷ்டஈடு. ஒரு பஞ்சாயத்துத் தலைவர் தன் மக்களுக்காக கலெக்டரிடம் மனு கொடுத்தார், அவ்வளவுதான்.

2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2006-இல் உயர் நீதிமன்றமும் 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. அவர்களில் மூன்று பேர் முன்பே விடுவிக்கப்பட்டிருக்க, 2019 நவம்பரில் மேலும் 13 பேர் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வந்தார்கள். மேலவளவில் ஆறு பேருக்கும் நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் 30 அன்றும் அங்கே கூட்டம் கூடுகிறது.

மேலவளவுக்கு 68 நாட்களுக்கு முன்னால், 1997 ஏப்ரல் 23 அன்று, மதுரை நகரத்திலேயே ஒரு கொலை நடந்தது. வில்லாபுரம் பகுதி மாமன்ற உறுப்பினர் லீலாவதி பட்டப்பகலில் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். நெசவுத் தொழிலாளர் குடும்பத்துப் பெண். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். 1996 தேர்தலில் வென்றவர். வில்லாபுரத்தின் பெரிய பிரச்சினை குடிநீர். குழாய்த் தண்ணீர் வராத இடத்தில் தண்ணீர் ஒரு வியாபாரம் ஆகிவிடும். குடம் இவ்வளவு என்று விலை இருக்கும்போது, மாநகராட்சிக் குழாயைக் கொண்டுவருபவர் அந்த வியாபாரத்துக்கு எதிரி. லீலாவதி குழாய்க்காகத்தான் போராடினார். கிராமத்தில் சாதி, நகரத்தில் ரவுடித்தனம் என்று இரண்டையும் பிரித்துச் சொல்வது வழக்கம். கணக்காகப் பார்த்தால் இரண்டிலும் ஒரே விஷயம்தான் தெரிகிறது. பொதுச்சொத்தை ஒரு சிலர் தங்கள் சொத்தாக வைத்திருந்த இடத்தில், ஓட்டு வாங்கி வந்த ஓர் எளிய ஆள் குறுக்கே நின்றார். உள்ளாட்சிப் பதவி வெறும் அலங்காரம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். மதிப்பில்லாத நாற்காலிக்காக யாரும் கொலை செய்வதில்லை.

மேலவளவில் தேர்தலாவது நடந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும் பத்து ஆண்டுகள் தேர்தலே ஒழுங்காக நடக்கவில்லை. தேர்தல் ஆணையம் தேதி அறிவிக்கும். யாரும் மனு போட மாட்டார்கள். போட்டாலும் வாபஸ். சில முறை ஊரார் தாங்களே ஒரு தலித்தை நிறுத்தி ஜெயிக்க வைப்பார்கள். அவர் பதவி ஏற்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுவார்! சட்டத்தை மீறாமலே சட்டத்தைத் தோற்கடிக்கும் வித்தை இது. 1996-இல் தொடங்கி 2006 வரை இந்த நாடகம் திரும்பத் திரும்ப நடந்தது. ஆட்சிகள் மாறின, நாடகம் மாறவில்லை.

ஊரார் தரப்பில் சொன்ன காரணங்களையும் சொல்லத்தான் வேண்டும். தலித் மக்கள் இங்கே எண்ணிக்கையில் குறைவு, எங்கள் ஊருக்கு ஏன் இந்த ஒதுக்கீடு என்று கேட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பதவியையும் ஊர்ப் பெரியதனத்தையும் கோயில் மரியாதையையும் ஒன்றாகவே பார்த்தார்கள். முதல் கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு. ஒதுக்கீடு என்பது ஒன்றியம் முழுவதையும் கணக்கில் எடுத்துச் செய்வது. இரண்டாவது விஷயத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பழைய நாட்டு அம்பலத்தின் வாரிசாகத்தான் அந்த ஊர்கள் அரசாங்கப் பஞ்சாயத்தைப் பார்த்தன. அரசாங்கமும் நாற்பது ஆண்டுகளாக அந்த எண்ணத்தை மாற்ற ஒன்றும் செய்யவில்லை.

பத்து ஆண்டுகளில் அந்த ஊர்களுக்கு என்ன நஷ்டம்? தலைவர் இல்லாத ஊராட்சியைத் தனி அலுவலர் பார்ப்பார். அவருக்கு அது பத்து வேலைகளில் ஒன்று. பைப் உடைந்தால், பல்பு ஃபியூஸ் ஆனால், யூனியன் ஆபீஸ் வரை போய் நிற்க வேண்டும். இந்தக் கஷ்டம் ஊர்த்தெருவுக்கும் உண்டு, சேரித்தெருவுக்கும் உண்டு. ஒருவனை உட்கார விடக்கூடாது என்பதற்காக ஊர் முழுவதும் நின்றுகொண்டே இருந்த கதை.

2006-இல் நிலைமை மாறியது. அப்போது மதுரை கலெக்டராக இருந்தவர் த. உதயச்சந்திரன். உள்ளாட்சித் துறை அமைச்சர் மு.க. ஸ்டாலின். போலீஸை மட்டும் நம்பாமல் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். பெரியவர்களிடமும் இளைஞர்களிடமும் தலித் குடியிருப்புகளிலும் திரும்பத் திரும்பப் பேச்சு. அதற்கு முன் பல ஆண்டுகளாக தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் விடாமல் குரல் கொடுத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. கலெக்டர் ஒருவரின் சாமர்த்தியத்தால் மட்டும் நடந்ததாகச் சொன்னால் அது பாதி உண்மை. 2006 அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. நான்கு தலித் தலைவர்கள் பதவி ஏற்றார்கள், முக்கியமாக, ராஜினாமா செய்யாமல் நீடித்தார்கள். நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து முதல்வர் கருணாநிதி அவர்களைப் பாராட்டினார்.

விழா முடிந்த பிறகுதான் உண்மையான பரீட்சை. தமிழ்நாட்டுச் சட்டப்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். இரட்டைக் கையெழுத்து என்பது கணக்கியலில் நல்ல பழக்கம்தான். எந்தக் கம்பெனியிலும் தவறைத் தடுக்க அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. தலைவர் தலித், துணைத் தலைவர் ஊரின் பலமான சாதி என்று அமையும்போது அந்த இரண்டாவது கையெழுத்து ஒரு கடிவாளம். செக்கில் கையெழுத்து வராது. மோட்டார் ஆபரேட்டருக்குச் சம்பளம் போகாது. ஊர்க்காரர்கள் "இந்தத் தலைவர் ஒன்றும் செய்யவில்லை" என்பார்கள். அரிவாள் தேவையில்லை, ஒரு பேனாவை மூடி வைத்தால் போதும். பெண் தலைவர்களுக்கு வேறு மாதிரி. தலைவர் பேரில் கையெழுத்து, நாற்காலியில் கணவர்! அப்படி இருந்தும் அடுத்தடுத்த முறைகளில் தாங்களே கூட்டம் நடத்தி, தாங்களே பி.டி.ஓ.விடம் சண்டை போட்ட பெண்கள் எத்தனையோ பேர் வந்தார்கள்.

1997-க்குப் பிறகு அரசு வேறொரு வழியையும் முயன்று பார்த்தது. தென் மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பின் வந்த சமத்துவபுரம் திட்டத்தின் முதல் குடியிருப்பு மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நூறு வீடுகள். தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. நல்ல முயற்சிதான். ஆனால் அது ஊருக்கு வெளியே கட்டிய புது ஊர். பழைய ஊருக்குள் இருந்த கண்மாய்க்கும் ஏலத்துக்கும் அது பதில் அல்ல.

இதே 1996-இல் பக்கத்துக் கேரளாவில் என்ன நடந்தது என்று பார்த்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். மக்கள் திட்டம் என்ற பெயரில் மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே ஒதுக்கினார்கள். கிராம சபை கூடி முன்னுரிமையைச் சொல்ல, பஞ்சாயத்து திட்டம் தீட்டியது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் பட்ஜெட்டையே மக்கள் கூடிப் போட்டார்கள். தமிழ்நாட்டில் நிதிக்குழுக்கள் மூலம் பணம் ஒழுங்காக வருவதற்கு வழி பிறந்தது உண்மை. மூன்றாவது மாநில நிதிக்குழுவின் காலத்தில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிக்கு என்றானது. ஆனால் பணம் வந்த அளவுக்கு அதிகாரம் வரவில்லை. பள்ளி, மருத்துவமனை, விவசாயம் எல்லாம் துறைகளிடமே இருந்தன. ஊராட்சிக்குக் கிடைத்தது விளக்கு, தண்ணீர், குப்பை, ரோடு. அதனால்தான் ஒரு ஊராட்சித் தலைவரிடம் "ஊரின் பொருளாதார வளர்ச்சிக்கு என்ன திட்டம்?" என்று கேட்டால் அவர் சிமெண்டு ரோட்டைக் காட்டுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரே ஒரு ஆயுதம் எல்லா ஊருக்கும் சமமாகக் கிடைத்தது. அது கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நான்கு கூட்டங்களோடு பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டு சேர்ந்தன. வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்துவிடும் கிராம சபைகள்தான் நிறைய. ஆனாலும் கணக்கைக் கேட்க ஒருவர் எழுந்து நின்றால் பதில் சொல்லியாக வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் சபையோர் செய்ததை இங்கே நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணும் செய்யலாம் என்பதுதான் வித்தியாசம்.

2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடந்த கிராம சபைக் கூட்டத்துக்கு முதல்வராக ஸ்டாலின் வந்து உட்கார்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் உள்ளாட்சி அமைச்சராக அவர் பார்த்த அதே ஊர். ஊர் மக்கள் வரிசையாக எழுந்து தங்கள் ஊருக்கு வேண்டியதைக் கேட்டார்கள். எந்தக் கிராம சபையிலும் கேட்கக்கூடிய சாதாரணக் கோரிக்கைகள். ஒரு காலத்தில் மனுத்தாக்கல் செய்யவே ஆள் இல்லாத ஊரில் இந்தச் சாதாரணம்தான் பெரிய செய்தி.

ஆனால் சென்னைக்கும் ஊராட்சிக்கும் உள்ள பழைய கணக்கு மட்டும் தீரவில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, பெரும்பாலான ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. மதுரை மாநகராட்சிக்கோ 2022 பிப்ரவரி வரை காத்திருப்பு. 2019-இல் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்தவர்களைத் தேர்ந்தெடுக்காமலே அவர்களை அனுப்பிவிட்டு, பாப்பாபட்டி, கீரிப்பட்டி, மேலவளவு உட்பட அந்த ஊராட்சிகளின் செக் புத்தகங்கள் மறுபடியும் தனி அலுவலர்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன.